ஒஹையோவில் பெட்டிக்கு யார் காவல்?

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு, அதிகாலை 2 மணிக்கு அமெரிக்காவின் பெரும்பகுதி தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பி வைக்கிறது. கோடைக்கால நேரம் அன்றோடு முடிகிறது. அதுவரை சென்னைக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து பத்தரை மணி நேரம். 2008, 2012, 2016, 2020, 2024 என்று ஐந்து அதிபர் தேர்தல்களிலும் இந்த மாற்றத்துக்கு இரண்டே நாள் கழித்துத்தான் வாக்குப்பதிவு நடந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அமெரிக்கத் தேர்தலைக் காணொலியில் விளக்கும் கூட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும் வாரமும் அதுதான்.

இந்தச் சின்னக் கணக்கு தவறியதால், 2008 நவம்பர் 3ஆம் தேதி மாலை, தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு மணி நேரம் வெறும் நீலத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். மறுநாள் ஒபாமாவா, மெக்கெய்னா என்று அமெரிக்கா முடிவுசெய்ய இருந்தது. ஒஹையோ மாநிலத்திலிருந்து அரசியல் பேராசிரியர் ஒருவர் ஆறு மணிக்குத் திரையில் வருவார் என்றார்கள். ஆறு மணி ஆயிற்று, ஆறேகால் ஆயிற்று. அவர் ஊரில் அப்போதுதான் காலை ஏழே முக்கால். எட்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர். வீட்டிலிருந்துகூடக் கிளம்பியிருக்க மாட்டார்.

மாணவர்கள் எழுந்து போகாமல் இருக்க, துறைத் தலைவர் ஒரு காரியம் செய்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள்களைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து, "கேக்கணும்னு தோணுறதை எழுதுங்கப்பா. இங்கிலீஷ்ல வேணாம், தமிழ்லயே எழுதுங்க. நான் மொழிபெயர்த்துக்கிறேன்" என்றார். ஒபாமாவின் வெற்றி இந்தியாவுக்கு நல்லதா, விசா கெடுபிடி குறையுமா என்பது போன்ற கேள்விகள்தாம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்த சீட்டுகள் வேறு மாதிரி இருந்தன.

அமெரிக்காவின் தலைமைத் தேர்தல் ஆணையர் பெயர் என்ன? அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்க முடியும்? செவ்வாய்க்கிழமை ஓட்டு என்றால் அன்று லீவு உண்டா? சின்னம் கிடையாதென்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? நீல மையில் எழுதிய ஒரு சீட்டில் இப்படி இருந்தது: ஓட்டுப் பெட்டியை ராத்திரி யார் காவல் காப்பார்கள்?

ஒரு நாட்டின் தேர்தலை இன்னொரு நாட்டுக்காரர்களுக்கு விளக்குவது எதற்காக என்று அந்த மாலைக்குப் பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். கேட்பவருக்கு அறிவு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் விளக்குபவர் தன் வீட்டையே வாசலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பெரிய ஆதாயம் என்பது என் கட்சி. அந்த ஆதாயம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், கேள்விக்கு எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

திரையில் முதலில் தெரிந்த முகம்

தொலைதூரத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி பேசும் ஆசை தொடங்கிய நாளிலேயே அதற்கு அரசியல் தொடர்பு இருந்தது. 1927 ஏப்ரல் 7 அன்று பெல் ஆய்வகப் பொறியாளர்கள் வாஷிங்டனில் பேசிய ஒருவரின் முகத்தை நியூயார்க்கில் ஒரு சிறு திரையில் காட்டினார்கள். குரல் இரு பக்கமும் போயிற்று, படம் ஒரு பக்கம் மட்டும். அந்த முகம் அப்போதைய வணிகத்துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவருடையது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அரசாங்கமே இந்த வசதியை வெளிநாட்டாருக்கென்று பெரிய அளவில் கையில் எடுத்தது 1983இல். அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று அமெரிக்கப் படைகள் கரீபியக் கடலின் சிறு தீவு நாடான கிரெனடாவில் இறங்கின. ஐரோப்பாவில் கண்டனம் கிளம்பியது. அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவர் சார்லஸ் விக், நவம்பர் 3 அன்று செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி-பதில் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஜீன் கிர்க்பாட்ரிக் ஒரு பக்கம், பார்படோஸ், செயின்ட் லூசியா பிரதமர்கள் இன்னொரு பக்கம். ஐரோப்பியத் தலைநகரங்களில் அமர்ந்த செய்தியாளர்கள் கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள். 'வேர்ல்ட்நெட்' என்ற பெயரில் அது தொடர்ந்தது. பதில் சொல்பவரின் படம் உலகம் முழுக்கப் போகும். கேட்பவரின் குரல் மட்டுமே திரும்பி வரும்.

இந்தப் பிறப்பை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஒரு படையெடுப்பை நியாயப்படுத்தத்தான் இந்தக் கருவி முதலில் பயன்பட்டது. ஆனால் நேரலையில் கேள்வி கேட்க ஆள் உட்கார்ந்துவிட்டால் பேசுபவர் கையில் முழுப்பிடி இருக்காது. சுற்றறிக்கையும் பிரசாரப் படமும் ஒரே திசையில் போகிறவை. இங்கே எதிரில் இருப்பவர் குறுக்கிட முடியும். அரசுகள் அதை விரும்பிச் செய்தனவோ வேறு வழியில்லாமல் செய்தனவோ, அந்தச் சிறு இடைவெளியில்தான் நல்லது நுழைந்தது.

1999 அக்டோபரில் தகவல் முகமை வெளியுறவுத் துறையோடு இணைக்கப்பட்டது. செயற்கைக்கோள் போய், ஐ.எஸ்.டி.என். எனும் தொலைபேசித் தடங்கள் வழியே தூதரகங்களில் காணொலி அறைகள் வந்தன. படம் இரு பக்கமும் தெரியத் தொடங்கியது. தேர்தல் ஆண்டுகளில் பேராசிரியர்கள், கருத்துக் கணிப்பாளர்கள், முன்னாள் பிரசார நிர்வாகிகள் என்று பலரை அந்த அறைகளின் வழியே பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் செய்தியாளர்களோடும் பேச வைத்தார்கள். வருகிறவர்கள் அரசின் கருத்தைச் சொல்ல வேண்டியதில்லை, தங்கள் சொந்தக் கருத்தைத்தான் சொல்கிறார்கள் என்று முதலிலேயே அறிவித்துவிடுவது வழக்கம். குடியரசுக் கட்சிக்காரரும் ஜனநாயகக் கட்சிக்காரரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதை வெளிநாட்டு மாணவர் பார்க்கும்போது, அதுவே ஒரு பாடம்.

ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் உறுத்தியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் ஸ்மித்-முண்ட் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும், வெளிநாட்டாருக்கென்று அமெரிக்க அரசு தயாரிப்பவற்றை அமெரிக்காவுக்குள் பரப்பக் கூடாது என்று தடுத்திருந்தன. அரசே தன் குடிமக்களிடம் பிரசாரம் செய்யக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி அரசு தயாரித்த எளிய விளக்கங்களும் அதே பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தன. 2013இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வெளியூர் விருந்தாளிக்கென்று எழுதிய வீட்டுக் குறிப்பை வீட்டுப் பிள்ளைகள் படிக்க முடியாமல் இத்தனை ஆண்டுகள் போயிருக்கின்றன.

ஆணையர் யாரும் இல்லை

ஏழு மணிக்கு ஒஹையோ பேராசிரியர் வந்தார். நரைத்த தாடி, கையில் காப்பிக் கோப்பை. தாமதத்துக்கு அவர் காரணமில்லை என்றாலும் அவரே மன்னிப்புக் கேட்டார். நிறைய வரைபடங்கள் வைத்திருந்தார். நான்கைந்தைக் காட்டியதும் துறைத் தலைவர் முதல் சீட்டைப் பிரித்தார்: அமெரிக்காவின் தலைமைத் தேர்தல் ஆணையர் பெயர் என்ன?

அப்படி ஒருவர் இல்லை என்றார் பேராசிரியர். கூடத்தில் சலசலப்பு. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தேதி அறிவிப்பதிலிருந்து முடிவு அறிவிப்பது வரை நாடு முழுவதற்கும் ஒரே ஆணையம், அது சொன்னால் மாவட்ட ஆட்சியரே இடம் மாற்றப்படுவார் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. அமெரிக்காவில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. ஆறு உறுப்பினர்கள், ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் அது பார்ப்பது தேர்தல் பணக் கணக்கை மட்டுமே. வாக்குப்பதிவை நடத்துவது மாநிலங்களும், அவற்றின் கீழே மாவட்டம், நகரம் என்று சிதறிக் கிடக்கும் 10,000க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகளும். வாக்குச்சீட்டின் வடிவம், சாவடி மூடும் நேரம், அடையாள அட்டை வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

அடுத்து அவர் சொன்னதுதான் கூடத்தை அசைத்தது. பல மாநிலங்களில் தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலரே ஒரு கட்சியின் சார்பில் போட்டியிட்டு வென்றவர். 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் முடிவைச் சான்றளித்த கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். புஷ் அங்கே வென்றது 537 வாக்குகளில். மறு எண்ணிக்கை வழக்கு டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நாடு முழுவதும், அவரை எதிர்த்து நின்ற அல் கோருக்கு 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்குகள் கிடைத்திருந்தன.

"சார், அதை எப்படி ஒத்துக்கிட்டாங்க?" என்று ஒரு மாணவி சீட்டு இல்லாமலே கேட்டுவிட்டாள். மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை இணைப்புக் கோளாறு என்று நினைத்துத் தொழில்நுட்ப உதவியாளர் எழுந்தார். கோளாறு இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை என்றும், நீதிமன்றம் சொன்னதை ஏற்பது என்ற பழக்கத்தைத் தவிர வேறு பாதுகாப்பு அப்போது இருக்கவில்லை என்றும் சொன்னார். 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்த மௌனம்தான் நினைவுக்கு வந்தது.

காலேஜ் என்றால் கல்லூரி இல்லை

இப்படிப்பட்ட கூட்டங்களில் நேரத்தை விழுங்குவது கொள்கை விவாதம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். விழுங்குவது சொற்கள். 'எலக்டோரல் காலேஜ்' என்றதும் எங்கள் கூடத்தில் பாதிப்பேர் அது ஏதோ படிக்கும் இடம் என்று நினைத்தார்கள். தேர்வாளர் குழு என்று துறைத் தலைவர் பெயர்த்தார். மொத்தம் 538 பேர். கீழவையின் 435, மேலவையின் 100, தலைநகருக்கு 3. அதில் 270 கிடைத்தால் வெற்றி. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும். இதைக் கால் மணி நேரம் விளக்கியும் முகங்கள் தெளியவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "நம்ம ஜனாதிபதி தேர்தல் மாதிரியா சார்?" என்றான். அவ்வளவுதான், கூடம் முழுதும் நிமிர்ந்தது. நம் குடியரசுத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா எம்.எல்.ஏ. வாக்குக்கும் ஒரே மதிப்பும் கிடையாது. 1971 மக்கள்தொகையை வைத்துத் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் வாக்குக்கு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. ஒப்பீடு முழுவதும் பொருந்தாது. நம்முடையது பதவியில் இருப்பவர்கள் போடும் வாக்கு, அவர்களுடையது மக்கள் வாக்கின் மேல் கட்டிய இன்னொரு படி. ஆனாலும் மாநிலங்களை எடைபோட்டு ஒரு தலைவரைத் தேர்வது என்ற எண்ணம் தங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று தெரிந்ததும் மீதி தானாகப் புரிந்தது. பேராசிரியருக்கு இது புதுச் செய்தி. இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு அவர் பதில் சுருக்கமாக வந்தது. 1845இல் போட்ட சட்டம். ஞாயிறு கோயிலுக்கு, புதன் சந்தைக்கு. உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு வந்துபோக நடுவில் கிடைத்த நாள் செவ்வாய். இன்றும் நாடு தழுவிய விடுமுறை கிடையாது. சின்னத்தைப் பற்றிய சீட்டுக்கு அவர் தன் மாவட்டத்தின் மாதிரி வாக்குச்சீட்டைக் கேமரா முன் பிடித்துக் காட்டினார். இரு கட்சிகளின் அடையாளங்களான யானையும் கழுதையும் அதில் இல்லை, பெயர்கள் மட்டுமே. நீளமான தாள். அதிபரிலிருந்து ஆரம்பித்து நீதிபதிகள், ஷெரீப், மாவட்டப் பொறியாளர், சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர் வரை எல்லோரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். "இஞ்சினியருக்கும் எலெக்‌ஷனா?" என்று ஒருவன் கேட்க, கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒஹையோவுக்குப் போய்ச் சேர அரை நொடி ஆயிற்று. பிறகு அவரும் சிரித்தார்.

அந்த அரை நொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணொலியில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்கும் சங்கடம் எல்லோரும் பட்டிருப்பது. செயற்கைக்கோள் காலத்தில் இது இன்னும் அதிகம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்பும் குரலுக்கு வெளிச்சத்தின் வேகத்திலும் கால் நொடி வேண்டும். பதிலுக்கு இன்னொரு கால் நொடி. மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் ஒரு மணி நேரக் கூட்டம் அரை மணி நேரமாகிவிடும். பழகிய ஏற்பாட்டாளர்கள் இதற்கு ஏற்றபடி உரையைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள், கேள்விகளை முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் கடிகாரப் பிழையால் அது தற்செயலாக நடந்தது. எல்லாம் ஒழுங்காக ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால், அத்தனை வரைபடங்களையும் பார்த்துவிட்டு நன்றியுரையோடு கலைந்திருப்போம்.

சித்தி என்ற சொல் போன வழி

2020இல் கொரோனா எல்லாக் கூட்டங்களையும் திரைக்குள் தள்ளியது. வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு வாஷிங்டனில் நேரில் நடந்துவந்த தேர்தல் விளக்கக் கூட்டங்கள் இணையத்துக்கு மாறின. வாடகை அறையும் தனித் தடமும் இல்லாமலே, கைப்பேசி வைத்திருந்த எவரும் சேர முடிந்தது. கட்சி மாநாடுகளும் காணொலியாயின. ஆகஸ்ட் 19 அன்று டெலவேரின் வில்மிங்டன் நகரில், ஏறக்குறைய காலியான அரங்கில் நின்று கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றினார். தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் 'சித்திகள்' என்ற சொல்லை அப்படியே தமிழில் சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அமெரிக்கர்கள் தேடினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அம்மாவின் தங்கை என்று விளக்கம் எழுதின. அதுவரை அமெரிக்கத் தேர்தலின் சொற்களை நமக்கு விளக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த ஒரு வாரம் நம் சொல்லை நாம் விளக்கினோம்.

ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரம், மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தேர்தலிலும் 2024 தேர்தலிலும் அங்கே கோயிலில் அபிஷேகம் நடந்தது, வெளிநாட்டுக் கேமராக்கள் வந்தன. அந்த ஊர்க்காரர்கள் ஸ்விங் ஸ்டேட், பென்சில்வேனியா என்று பேசியதைச் செய்திகளில் கேட்டபோது எனக்கு வியப்பு வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. தங்களுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது என்று நினைத்துவிட்டால் யாரும் எந்தச் சிக்கலான முறையையும் கற்றுக்கொள்வார்கள். வரைபடத்தால் வராதது உறவால் வருகிறது.

நம் தேர்தலை யார் விளக்குவது?

இவ்வளவும் எழுதும்போது மனதின் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது: உலகிலேயே பெரிய தேர்தல் நம்முடையது. அதை அடுத்தவருக்கு நாம் எப்படி விளக்குகிறோம்?

விளக்கத்தான் செய்கிறோம். தேர்தல் ஆணையம் பிற நாடுகளின் தேர்தல் அதிகாரிகளை அழைத்துக் காட்டும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு 23 நாடுகளிலிருந்து 75 பேர் வந்து ஆறு மாநிலங்களில் வாக்குப்பதிவைப் பார்த்தார்கள். பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 2021இல் இது காணொலியில் நடந்தது. தமிழ்நாடு வாக்களித்த ஏப்ரல் 6க்கு முதல் நாள், 26 நாடுகளைச் சேர்ந்த 106 பிரதிநிதிகள் திரைகளின் முன் அமர்ந்து, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, அசாம், மேற்கு வங்கத் தேர்தல் ஏற்பாடுகளைக் கேட்டார்கள். வாக்காளர் கூட்டம் சேராமலிருக்கச் சாவடிகளைக் கூட்டியதும், தொற்றுள்ளவர்களும் 80 வயது தாண்டியவர்களும் அஞ்சல் வழியே வாக்களிக்க வகை செய்ததும் அப்போது உலகுக்குத் தேவைப்பட்ட பாடங்கள்.

ஆனால் அந்தத் திரையின் எதிரில் இருந்தவர்கள் அதிகாரிகள். நைரோபியிலோ சாவோ பாவ்லோவிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவி நம் தேர்தலைப் பற்றி யாரிடம் கேட்பாள்? அமெரிக்கத் தூதரகங்கள் செய்தது போல நம் தூதரகங்களும் நாலு ஊர்ப் பல்கலைக்கழகங்களோடு நம் பேராசிரியர்களையும், ஓய்வுபெற்ற தேர்தல் அதிகாரிகளையும், இரு எதிரெதிர்க் கட்சிக்காரர்களையும் ஒரே திரையில் உட்கார வைத்துப் பேச வைக்கலாம். இதற்குச் செலவு என்று ஒன்றும் பெரிதாக இல்லை.

சொல்லப் பெருமையான செய்திகள் நிறைய. ஒரே ஒரு வாக்காளருக்காகக் குஜராத்தின் கிர் காட்டுக்குள் அமைக்கும் சாவடி, மைசூரில் தயாராகி 1962 தேர்தலிலிருந்து நம் விரலில் ஏறி இன்று பல நாடுகளுக்கும் போகும் மை, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவடிகள், 2024இல் வாக்களித்த 64 கோடிப் பேர். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டையும் சொல்லலாம். சொல்லும்போது, நிலமும் வீடும் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த மாணவி அதைத் தானே கண்டுபிடித்த பிறகு நாம் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டாள்.

அவள் கேட்கப்போகும் கேள்விகளும் எனக்குத் தெரிகின்றன. 2024இல் வாக்குப்பதிவுக்கு ஏப்ரல் 19 தொடங்கி ஜூன் 1 வரை 44 நாள் ஏன்? இயந்திரத்தோடு வரும் தாள் சீட்டுகள் அத்தனையையும் ஏன் எண்ணுவதில்லை? கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரியாத தேர்தல் பத்திரங்களை, உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்துசெய்யும் வரை, ஏன் பொறுத்துக்கொண்டீர்கள்? தேர்தல் ஆணையர்களைப் பரிந்துரைக்கும் குழுவில் தலைமை நீதிபதி இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் 2023இல் சொன்ன பிறகு, அதே ஆண்டில் வந்த சட்டத்தில் அவர் இடத்தில் ஏன் ஒன்றிய அமைச்சரை வைத்தார்கள்? குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னின்ற தென்மாநிலங்கள் தொகுதி மறுவரையறையை நினைத்து ஏன் அஞ்சுகின்றன? கடைசிக் கேள்விக்கு ஒரு தமிழரைவிட நன்றாகப் பதில் சொல்ல யாரால் முடியும்! இவற்றைக் கேட்க அனுமதிக்கும் கூட்டமாக இருந்தால் நடத்துங்கள். வாழ்த்துரையும் விளம்பரப் படமும் போட்டு முடிப்பதானால் வேண்டாம், மின்சாரமாவது மிஞ்சும்.

வெளிநாட்டார் கேட்பதா என்று கோபப்படுபவர்கள் இங்கே உண்டு, அங்கேயும் உண்டு. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் 2002இலிருந்து அமெரிக்கத் தேர்தல்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். அழைக்க ஒப்புக்கொண்டது அமெரிக்காவே. ஆனாலும் 2012இல் டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல், சாவடியிலிருந்து 100 அடிக்குள் வந்தால் சட்டம் பாயும் என்று அவர்களை எச்சரித்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கூரையில் ஒழுக்கு இருப்பதைச் சொன்னால் அடுத்த மழைக்கு முன் ஏணியைத் தேடுவதுதான் முறை.

அந்தக் கல்லூரிக் கூட்டம் எட்டேகாலுக்கு முடிந்தது. கடைசியாகப் பிரித்தது நீல மைச் சீட்டு. ஓட்டுப் பெட்டியை ராத்திரி யார் காவல் காப்பார்கள்? கேட்ட பையனின் அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். ஸ்ட்ராங் ரூம் வாசலில் கட்சி ஏஜென்ட்டுகள் பாய் விரித்துப் படுத்து, முறைபோட்டு விழித்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அதையெல்லாம் அவன் விவரிக்க, துறைத் தலைவர் மொழிபெயர்க்க, பேராசிரியர் கவனமாகக் கேட்டார். தன் ஊரில் என்ன வழக்கம் என்று தனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதோடு மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்துத் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் வந்தது. எனக்கு அதை அனுப்பித் தந்தார். பேராசிரியர் தன் மாவட்டத் தேர்தல் வாரிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். வாரியத்தில் நான்கு பேர், இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தலா இருவர். வாக்குச்சீட்டுகள் இருக்கும் அறைக் கதவில் இரண்டு பூட்டுகள். ஒரு பூட்டின் சாவி ஒரு கட்சிக்காரரிடம், மற்றதன் சாவி அடுத்த கட்சிக்காரரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்ததாக எழுதியிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஊரில் வாக்களிப்பதாகவும், அந்த அலுவலகத்தின் உள்ளே போனது அதுதான் முதல் முறை என்றும் எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வியும் வைத்திருந்தார்: உங்கள் ஏஜென்ட்டுகளுக்கு ராத்திரிச் சாப்பாடு யார் கொண்டுவருவார்கள்?